றஹ்மாவிடம் இருந்த திறப்பு

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. கிளிவெட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். தங்கரத்தினம் வாயைத் திறந்தால் வாய்க்கால் தண்ணீர் திரும்பி மேட்டுக்கு ஓடும் என்று என் புருஷனே ஊருக்குள் கதைத்தவர். அவர் பெயர் ஆனந்தராசா. எதற்கும் சிரிப்பார், எதற்கும் தலையாட்டுவார். அவருக்கும் சேர்த்துக் கோபப்படுகிற வேலை எனக்குத்தான் வந்து சேர்ந்தது.

நான் இன்றைக்கு உயிரோடு இருந்து இதைச் சொல்கிறேன் என்றால் இரண்டு பேரால். ஒருவர் சுகாதாரப் பரிசோதகர் ஞானசேகரம் ஐயா. மற்றவள் றஹ்மா. இருவரையும் நான் வாயில் வந்தபடி ஏசியிருக்கிறேன். றஹ்மாவும் சும்மா கேட்டுக்கொண்டு நிற்கிற பிறவி இல்லை, வட்டியோடு திருப்பித் தந்திருக்கிறாள். இருந்தாலும் காலையில் எழுந்து முகம் கழுவும்போது இவர்கள் இருவரையும் நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை.

எங்கள் வயல்வெளியில் பாதி கிளிவெட்டித் தமிழருடையது, பாதி தோப்பூர் முஸ்லிம்களுடையது. வாய்க்கால் ஒன்று, அதனால் சண்டையும் ஒன்று. எழுபதாம் ஆண்டுக்குப் பிறகு புது நெல் வந்தது. கதிர் நீளம், விளைச்சல் நல்லது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதோடு பூச்சியும் வந்தது. பூச்சிக்கு மருந்தும் வந்தது. முன்பெல்லாம் அறக்கொட்டிப் பூச்சி விழுந்தால் தண்ணீர் ஓதித் தெளித்துவிட்டு அம்மன் விட்ட வழி என்று இருப்போம். பிறகு மருந்துப் போத்தல் இல்லாத வீடே இல்லை என்றாகிவிட்டது. ஒரு வீட்டில் குசினியில் உப்புப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும். இன்னொரு வீட்டில் கட்டிலுக்குக் கீழே இருக்கும்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சாவுகள் தொடங்கின. தாயோடு வாய்த்தர்க்கப்பட்ட பெட்டை, தகப்பன் கைநீட்டிய பெடியன், சந்தைக்குப் போகவிடவில்லை என்று முறைத்துக்கொண்டு இருந்த புதுப்பெண். மாதக்கணக்காக யோசித்துச் செய்தவர்கள் இல்லை. கோபம் தலைக்கேறிய நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் போத்தல் இருந்தது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பிராசாவை மூதூர்த் துறைக்குக் கொண்டுபோய், திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு லாஞ்சில் ஏற்றினார்கள். கொட்டியாரக் குடாவில் பாதி தூரம் போகும்போது, "அம்மா, எனக்குச் சாக விருப்பமில்லை," என்று தாயின் கையைப் பிடித்தானாம். லாஞ்ச் கரை சேரும்போது அவன் இல்லை. அந்தத் தாய் அதைச் சொல்லிச் சொல்லி அழுததை இந்தக் காதால் கேட்டேன்.

அந்தச் செத்தவீடு முடிந்த கையோடு ஞானசேகரம் ஐயா பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார். கிளிவெட்டியாரும் வந்தார்கள், தோப்பூராரும் வந்தார்கள். ஒல்லியான மனிதர், கழுத்துக்குப் பெரிய சட்டை. நுளம்புக்கும் மலகூடத்துக்கும் கதைக்க வருகிறவர் இதற்கும் வந்துவிட்டார் என்று எனக்கு எரிச்சல்.

"மருந்தை வீட்டில வைக்காதேங்கோ," என்றார். "வயல்வெளியில எல்லாருக்கும் பொதுவா ஒரு பெட்டி கட்டுவம். அதுக்குள்ள வைச்சுப் பூட்டுவம். அடிக்கிற நேரம் மட்டும் திறப்பம்."

நான் எழும்பினேன். எழும்பாமல் இருந்தால் நான் தங்கரத்தினம் இல்லையே. "ஐயா, சாகிறதெண்டு நினைச்சவனுக்கு ஒரு பூட்டுத் தடையே? அவன் வேற வழி தேட மாட்டானே? உங்கட பெட்டியால எங்களுக்கு அலைச்சல்தான் மிச்சம்."

அவர் கோபிக்கவில்லை. "அக்கா, நீங்கள் கடைசியா எப்ப கோபப்பட்டனீங்கள்?"

"இப்பதான்," என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சபை முழுக்கச் சிரித்தது.

"அதுக்கு முதல்?"

"காலமை. இவர் மாட்டை அவிட்டு விட்டிட்டார்."

"அந்தக் கோபம் இப்ப இருக்கோ?"

நான் தேடிப் பார்த்தேன். "அது போட்டுது," என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்லுறன் அக்கா. அது போகுமட்டும் அந்தச் சாமான் கைக்கு எட்டக் கூடாது. கனபேர் வேற வழி தேடிப் போறேல்ல. கொஞ்சம் தாமதிச்சா மனம் மாறுது. தம்பிராசாவுக்கு லாஞ்சில மாறினது வீட்டிலயே மாறியிருந்தா, இண்டைக்கு அவனும் இந்தக் கூட்டத்தில இருந்திருப்பான்."

தம்பிராசாவின் தாய் அங்கே இருந்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டி கட்டச் சம்மதம் வந்தது. பூட்டின் திறப்பு, அதாவது சாவி, யாரிடம் இருப்பது என்ற கேள்வியில்தான் எல்லாம் குழம்பியது. தமிழர் வீட்டில் என்றால் தோப்பூரார் முகம் சுளித்தார்கள். தோப்பூரில் என்றால் எங்கள் ஆட்கள் முணுமுணுத்தார்கள். பூச்சி விழுந்த நேரத்தில் மற்றப் பக்கத்தார் திறப்பைத் தராமல் இழுத்தடிப்பார்கள் என்று இரண்டு பக்கத்துக்கும் பயம். அப்போது எதற்கும் வாய் திறக்காத என் புருஷன் மெல்லச் சொன்னார்: "அம்மன் கோயில் உண்டியலுக்குச் செய்யிற மாதிரிச் செய்வமே."

எங்கள் கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு. இரண்டு திறப்பும் இரண்டு வீட்டில் இருக்கும். இரண்டு வீட்டாரும் ஒன்றாக வந்தால்தான் திறக்கலாம். அது ஒருவரை ஒருவர் நம்பாததால் வந்த வழக்கம். அந்த நம்பாத வழக்கம் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. தோப்பூர் ஸஹாப்தீன் அதோடு இன்னொன்றும் சேர்த்தார்: மருந்தடிக்கிறவர் முதுகில் சுமக்கும் டாங்கியோடு பெட்டியடிக்கு வரவேண்டும், அங்கேயே அளந்து தண்ணீரில் கலந்து டாங்கிக்குள் ஊற்ற வேண்டும், போத்தல் ஒருவர் கையிலும் போகக் கூடாது.

வாய்க்காலின் துருசடியில், அதாவது தண்ணீர் திறந்து மூடுகிற கதவுக்குப் பக்கத்தில், சீமெந்தால் பெட்டி கட்டி இரும்புக் கதவு போட்டார்கள். ஒரு திறப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. அலுமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. மற்றது துருசடிக்குப் பக்கத்திலேயே வீடு வைத்திருந்த ஸஹாப்தீனிடம் போனது. அவர் நெல் வியாபாரம் என்று பாதி நாளும் டவுனில் நிற்பார். ஆகவே திறப்பு உண்மையில் இருந்தது அவர் மனைவி றஹ்மாவிடம்.

றஹ்மாவும் நானும் அப்போது முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. என் முறைத் தண்ணீரை அவள் தன் வயலுக்குத் திருப்பினாள் என்று நான். அவள் முறையில் நான்தான் மடையை உடைத்தேன் என்று அவள். ஊரில் பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் அவள் பக்கம். மருந்துக்குப் போனால் என் புருஷன் போவார், நான் வரம்பில் நின்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவளும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வாள்.

அடுத்த வருஷம் என் மச்சாள் பாக்கியரத்தினத்தின் மகள் பெரியபிள்ளையானாள். பாக்கியரத்தினம் என் புருஷனின் உடன்பிறந்த தங்கை. அப்படியென்றால் அந்தப் பிள்ளைக்கு இவர் தாய்மாமன், நான் மாமி. தண்ணீர் வார்க்கும் அன்றைக்குத் தாய்மாமன் தேங்காய் உடைக்க, மாமி முதல் குடம் ஊற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை, பிறப்போடு வருவது. அதற்கு முதல் நாள் முழுக்க நான் அந்த வீட்டு அடுப்படியில் பயற்றம் பணியாரம் சுட்டேன். கையெல்லாம் எண்ணெய் தெறித்துக் கொப்புளம். ஆனாலும் மனம் நிறையச் சந்தோஷம். எனக்குப் பிள்ளை இல்லை. இந்தப் பிள்ளையைத்தான் தூக்கி வளர்த்தேன்.

சடங்கன்று என் கலியாணத்துக்கு எடுத்த நாவல் நிறப் பட்டுச் சேலையைக் கட்டினேன். தலையில் பூ வைத்து, சந்தனம் பூசிக்கொண்டு, குடத்தைத் தூக்கினேன். பிள்ளை வெள்ளைச் சேலையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மச்சாள் வந்து என் கையிலிருந்த குடத்தைப் பிடித்தாள்.

"நீ விடு தங்கம். பிள்ளை பெறாத கை முதலில படவேண்டாம். குறை நினைக்காதை."

குடம் நாலைந்து பெற்ற ஒருத்தியின் கைக்குப் போனது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் கையில் தேங்காய் இருந்தது. நிலத்தைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், உடைத்தார். அவ்வளவுதான். மச்சாள் சொன்னது நெஞ்சைச் சுட்டது. அந்தத் தேங்காய் உடைந்த சத்தம் அதைவிடச் சுட்டது.

ஊரை ஏசித் தீர்க்கிற எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் பணியாரத் தட்டைப் போட்டு உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்திருப்பேன். கோபம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே திரும்பியது. யாருக்கும் சொல்லாமல் வெளிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து ஆணியில் கிடந்த திறப்பை எடுத்தேன். எதற்கென்று மறைத்துச் சொல்லப் போவதில்லை. செத்துப் போவதற்காகத்தான் எடுத்தேன். பெட்டி வருவதற்கு முன் போத்தல் என் குசினியிலேயே இருந்தது. அன்றைக்கும் அங்கே இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இல்லை.

பட்டுச் சேலையோடு வரம்பில் நடந்தேன். நல்ல மத்தியான வெயில். எல்லாரும் சடங்கு வீட்டில். வெளியில் ஒரு காக்கை குருவி இல்லை. துருசடியில் என் பூட்டைத் திறந்தேன். மற்றப் பூட்டு அப்படியே தொங்கியது. பிடித்து இழுத்தேன், கல்லால் தட்டினேன், அசையவில்லை. என் புருஷன் வாயால் வந்த யோசனை என் காலைத் தட்டிவிட்டது என்று அவர் மேல் இன்னும் ஆத்திரம். பிறகு நிமிர்ந்து றஹ்மாவின் வீட்டுக்குப் போனேன். கதைக்காத வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு போனேன்.

அவள் முற்றத்தில் நெல் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டு நின்றாள். அவள் மகள் ஜெமீலா, அப்போது சின்னப் பிள்ளை, கோழி துரத்திக்கொண்டு ஓடினாள்.

"திறப்பைத் தா," என்றேன்.

றஹ்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பூவைப் பார்த்தாள், சந்தனத்தைப் பார்த்தாள், சேலைக் கரையில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தாள். "டாங்கி எங்க?" என்றாள்.

"அது உனக்கென்னத்துக்கு? அறக்கொட்டி விழுந்திட்டுது. தா."

"பட்டுச் சீலையோடயா மருந்தடிக்கப் போறாய்?"

"நான் எதைக் கட்டினா உனக்கென்ன? திறப்பைத் தா றஹ்மா."

"திறப்பு இங்க இல்ல. அவர் டவுனுக்குக் கொண்டு போயிட்டார்."

நான் திரும்பினேன். அதற்குப் பிறகு என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. படலையில் கை வைத்தபோது அவள் குரல் முதுகில் விழுந்தது.

"நில்லு கா. நல்ல நேரத்துலதான் வந்திருக்காய். போன போகத்துல எங்கட மடைய உடைச்ச கள்ளி நீதானே? அதக் கேக்காம ஒன்ன விடமாட்டன்."

நான் நின்றேன். "ஆரடி கள்ளி?"

"வேற ஆர்? வரம்புல நிண்டு மூஞ்சயத் திருப்பினா களவு இல்லையெண்டு போயிடுமா?"

வந்ததே எனக்குக் கோபம். சடங்கு வீட்டில் ஒட்டிப்போன வாய் இங்கே திறந்துகொண்டது. மடையை உடைத்தது நான் இல்லை என்றேன். அவளுடைய எருமை என் நாற்றுமேடையை மேய்ந்ததைச் சொன்னேன். அவள் என் தாறா வாத்துகளைச் சொன்னாள். நான் அவள் மாமியாரை இழுத்தேன், அவள் என் சீதனக் காணியை இழுத்தாள். நான் சற்று ஓய்ந்தால் அவள் இன்னொன்றை எடுத்துப் போட்டாள். ஓய விடவே இல்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. எரிகிற அடுப்புக்குச் சுள்ளி போடுகிறவள் மாதிரிப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாள். என் சுபாவம் அவளுக்குத் தெரியும். அன்பாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கையை உதறிவிட்டுப் போயிருப்பேன்.

வெயிலில் இரண்டு பேரும் வியர்த்து வழிய நின்றோம். கடைசியில் அவள் சொன்னாள்: "ஒன்ட வாய்க்கு அந்த ஆனந்தராசா அண்ணன் கிடைச்சது ஒன்ட அதிஷ்டம். என்ன நல்ல மனிசன்."

"நல்ல மனிசன்," என்றேன். "வாய் திறக்கேல்ல றஹ்மா. என்ர கையில இருந்த குடத்தைப் பறிச்சாள். பிள்ளை பெறாத கையெண்டு சொன்னாள். அந்த மனிசன் தேங்காயை உடைச்சிட்டு நிண்டார்."

அதோடு நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை எங்கிருந்து வந்ததென்று தெரியாது. கொப்புளம் போட்ட கையை நீட்டிக் காட்டி, இந்தக் கைதான், இந்தக் கைதான் என்று சொல்லி அழுதேன். றஹ்மா பக்கத்தில் குந்திக்கொண்டாள். என்னை அணைக்கவுமில்லை, அழாதே என்று சொல்லவுமில்லை. அழுகை கொஞ்சம் அடங்கும்வரை இருந்தாள்.

"தங்கம், ஒண்டு கேக்கன். ஒளிக்காமச் சொல்லு. சாகவா வந்தாய்?"

அப்படி நேரே கேட்டாள். யாரும் கேட்கத் துணியாத கேள்வி. கேட்டதும் நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. "ஓம்," என்றேன்.

அவள் ஐயோ என்று வாயில் அடிக்கவில்லை, பாவம் புண்ணியம் பேசவில்லை. "இப்பவும் அந்த நினைப்புக் கிடக்கா?"

நான் யோசித்தேன். "தெரியேல்ல."

"அப்ப எனக்குப் பக்கத்துலயே இரு. தெரியுமட்டும் இரு. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

கை கால் கழுவத் தண்ணீர் ஊற்றினாள். பட்டுச் சேலையை மாற்றச் சொல்லித் தன் சீத்தைத் துணிச் சேலை ஒன்று தந்தாள். சீனி போட்ட பிளேன் டீ தந்தாள். பிறகு சோறும், ஆணம் என்று அவர்கள் சொல்கிற மீன் குழம்பும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடு. ஏசின களைப்புத் தீரட்டும்," என்றாள். எனக்குப் பசித்தது. சாக வந்தவளுக்குப் பசிக்கிறதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த மீன் ஆணத்தின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது வரம்பால் ஒருவர் விழுந்தடித்து ஓடி வந்தார். என் புருஷன்தான். வீட்டுக்குப் போயிருக்கிறார், ஆணியில் திறப்பைக் காணவில்லை. துருசடியில் ஒரு பூட்டுத் திறந்து கிடந்ததையும் பார்த்திருக்கிறார். என்னைக் கண்டதும் படலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"தங்கம், என்னை ஏசு," என்றார். "நான் கதைச்சிருக்க வேணும்."

"ஓம், கதைச்சிருக்க வேணும்," என்றேன்.

"தங்கச்சி அப்படிச் சொல்லேக்க எனக்கு நாக்கு எழும்பேல்ல. நீ போனாப் பிறகுதான் நீ இல்லாத வீட்டை நினைச்சுப் பார்த்தன். ஏலாது தங்கம். எனக்கு ஏலாது." பெரிய மனிதர், குழந்தை மாதிரி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

றஹ்மா அவருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தாள். பிறகு எங்கள் இருவருக்கும் முன்னால் தன் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். திறப்பு அதற்குள்தான் இருந்தது.

"டவுனுக்குப் போட்டுதெண்டாய்?" என்றேன்.

"பொய்தான். அல்லாஹ் மன்னிப்பான்," என்றாள். "அண்ணன், உங்கட பூட்டப் போய்ப் பூட்டுங்க. அந்தத் திறப்பக் கொஞ்ச நாளைக்கு உங்கட இடுப்புல வைங்க. வீட்டுல வேற என்னவும் கிடந்தா அப்புறப்படுத்துங்க. இவவத் தனிய விடாதீங்க. இண்டைக்கு மட்டுமில்ல."

அதற்குப் பிறகு அவள் வராத கிழமை இல்லை. சும்மா வந்ததாக ஒரு நாளும் சொல்லவில்லை. கோழி காணவில்லை என்று வருவாள், மீன் மிஞ்சிப்போனது என்று வருவாள், வாய்க்காலில் புல் மண்டிவிட்டது உனக்குக் கண் இல்லையா என்று ஏசிக்கொண்டு வருவாள். போகும்போது மட்டும் என் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்ப்பாள். "எப்பிடி?" என்பாள். "பரவாயில்லை" என்றால் போவாள். "இண்டைக்குச் சரியில்லை" என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வந்து இருப்பாள். நான் அவளை ராத்தா என்று கூப்பிடத் தொடங்கினது அப்போதுதான். என்னைவிட மூத்தவள், அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் வாயில் வருகிற ‘கா’ வயது பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் பொது.

ஞானசேகரம் ஐயாவுக்கு என் புருஷன் போய்ச் சொல்லியிருக்கிறார். ஐயா சைக்கிளில் வந்து கதிரையில் இருந்தார். கூட்டத்தில் நான் கேட்டதை அவர் திருப்பிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. திருகோணமலை ஆஸ்பத்திரியில் மன வருத்தங்களைப் பார்க்கிற டொக்டர் வருகிற நாளைச் சொன்னார். மனத்துக்கு வருத்தம் வந்தால் காய்ச்சலுக்குப் போகிற மாதிரித்தான் போகவேண்டும் என்றார். எனக்கே பொறுக்கவில்லை.

"ஐயா, நான் அண்டைக்குச் சபையில சொன்னது பிழையெண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்."

"அக்கா, நீங்கள் இருந்து என்னை இன்னும் நாலு கூட்டத்தில ஏசினால் எனக்கு அதுவே போதும்," என்றார் அவர்.

றஹ்மா ராத்தாவும் நானும்தான் லாஞ்சில் போனோம். குடாவின் நடுவில் தம்பிராசாவை நினைத்தேன். மனம் மாறியும் அவனுக்கு நேரம் இருக்கவில்லை, எனக்கு இருந்தது. ராத்தாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. போகும்போதும் வரும்போதும் என் மடியில் தலை வைத்துக்கொண்டு என்னை ஏசிக்கொண்டே வந்தாள். டொக்டர் நிறையக் கேட்டார், நான் அதைவிட நிறையச் சொன்னேன். அதற்குப் பிறகும் சில தடவை போனேன். அடுத்த போகம் முடிய என் புருஷன் இடுப்பிலிருந்த திறப்பை அவிழ்த்து என் கையிலேயே தந்தார். இன்றைக்கு வரைக்கும் அது என்னிடம்தான் இருக்கிறது. டாங்கி இல்லாமல் யாராவது வந்து திறப்புக் கேட்டால் நான் முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். பிறகு உள்ளே வந்து இரு என்பேன். வந்து இருந்தவர்கள் உண்டு. அவர்கள் பெயரை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். எல்லாரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மச்சாள் பாக்கியரத்தினம் இன்னும் என்னோடு அளவாகத்தான் கதைப்பாள். இருக்கட்டும். அவள் மகள் மட்டும் கள்ளமாக வந்து என்னிடம் பணியாரம் வாங்கித் தின்றுவிட்டுப் போவாள்.

போன மாசி மாதம் ஜெமீலா பெரியபிள்ளையானாள். கோழி துரத்தின பிள்ளை. தோப்பூரிலும் தண்ணீர் வார்ப்பார்கள், குரவை போடுவார்கள். அவர்கள் முறை கொஞ்சம் வேறு, அவ்வளவுதான். ராத்தா ஆள் அனுப்பாமல் தானே வந்து அழைத்தாள். நான் பணியாரம் சுட்டுக் கொண்டுபோனேன். அந்த நாவல் நிறப் பட்டுச் சேலையைக் கட்டினேன். அன்றைக்குப் பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை. ஆனால் கிணற்றடிக்குப் போனதும் கால் தானாகப் பின்னுக்குப் போய்விட்டது. எல்லாப் பெண்களுக்கும் பின்னால், வாழைமரத்தடியில் நின்றேன். ஒரு தரம் சுட்ட பிறகு அடுப்புக்குக் கிட்டப் போக யாருக்கு மனம் வரும்?

ராத்தா குடத்தை நிரப்பித் தூக்கினாள். சுற்றிப் பார்த்தாள்.

"தங்கம் எங்க? இஞ்ச வா."

நான் அசையவில்லை. அவளே பெண்களை விலக்கிக்கொண்டு வந்தாள். "முதல் தண்ணி நீதான் ஊத்தணும்."

பக்கத்தில் நின்ற அவள் மாமியார் மெல்ல ஏதோ சொன்னாள். பிள்ளையில்லாதவள் என்ற சொல் என் காதில் விழுந்தது. ராத்தா திரும்பிப் பார்த்தாள்.

"மாமி, நான் சொல்லல்ல. ஜெமீலாதான் கேட்டவ. தங்கம் மாமி ஊத்தாட்டி நான் குளிக்க மாட்டன் எண்டு காலையில இருந்து அடம்."

குனிந்திருந்த ஜெமீலா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்க மாமி, குளிருது," என்றாள்.

நான் போனேன். ராத்தா குடத்தை என் இரண்டு கையிலும் வைத்தாள். குடம் பாரமாக இருந்தது. அவள் கீழே கை கொடுத்துத் தாங்கினாள். உயிரோடு இருந்திருக்காவிட்டால் இந்தக் குடத்தை நான் பிடித்திருக்க மாட்டேனே என்று நினைத்தேன். இந்தப் பிள்ளையின் சிரிப்பைப் பார்த்திருக்க மாட்டேன். என் கண் நிறைந்து, பிள்ளையின் தலை எங்கே என்றே தெரியவில்லை.

"பார்த்து ஊத்து கா," என்றாள் ராத்தா. "மிச்சம் வைக்காம ஊத்து. இண்டைக்குத் தண்ணிக்கு நான் சண்டைக்கு வரமாட்டன்."

பெண்கள் சிரித்தார்கள், அவள் மாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் முழுக் குடத்தையும் ஜெமீலாவின் தலையில் ஊற்றினேன்.